அந்தோனியார் காவல் காத்த நீச்சல் குளம்

கட்டுகஸ்தோட்டை,
செவ்வாய்க்கிழமை

பாசமுள்ள தம்பி அன்ரனிக்கு அண்ணன் மரியநாயகம் எழுதிக்கொள்வது.

கடவுள் கிருபையால் நானும் உன் அண்ணி டொரதியும் இங்கே சுகம். கனடாவில் நீங்களும் சுகமாயிருக்கச் செபிக்கிறோம். சுகம் என்று எழுதுவது வழக்கம்; உண்மையில் முந்தாநாள் என் இடது காதுக்குள் போன தண்ணீர் இன்னும் வெளியே வரவில்லை.

டிசம்பரில் நீ பிள்ளைகளோடு வருவதற்கு முன், நீ கட்டி நாங்கள் பார்த்துக்கொள்ளும் இந்த வீட்டு நீச்சல் குளத்துக்கு என்று நீ அனுப்பிய சட்டங்களையெல்லாம் நிறைவேற்றிவிட்டேன். சுற்றிவர வேலி போட்டாயிற்று. பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் கேட்டுக்குக் கொக்கி வைக்கச் சொன்னாய், வைத்தேன். அது உன் அண்ணிக்கும் எட்டவில்லை. குளத்தோரம் பெருக்கப் போனவள், கேட் தானாகச் சாத்திக்கொண்டதால், நான் சந்தையிலிருந்து வரும்வரை உள்ளேயே நின்றாள். வந்ததும் அவள் சொன்னதை எழுதினால் இந்தக் கடிதத்தைக் கனடாவுக்குள் விடமாட்டார்கள். தனியாக யாரும் தண்ணீரில் இறங்கக் கூடாது என்ற சட்டம்தான் சுலபம். துணையோடும் இங்கே யாரும் இறங்குவதில்லை.

பெரியவர் ஒருவர் எப்போதும் குளத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்றாயே, இப்போதே பழகிக்கொள்வோம் என்று காலை முழுக்கக் கதிரை போட்டு உட்கார்ந்தேன். பகல் சாப்பிட்டால் எனக்குக் கண் சொக்கும் என்று உனக்குத் தெரியும். ஆகவே ஹாலிலிருந்த அந்தோனியார் சுரூபத்தைக் கதிரையில் வைத்துவிட்டுப் படுத்தேன். அன்று வீடியோ அழைப்பில் அதைப் பார்த்துவிட்டு, "அண்ணே, அந்தோனியாருக்கு நீந்தத் தெரியுமா?" என்று கேட்டாய். அவருக்குத் தெரியுமோ என்னவோ, எனக்குத் தெரியாது தம்பி. அதை நீ கேட்கவுமில்லை, நான் சொல்லவுமில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து பார்த்தால், ஆபத்துக்கு எறிவதற்கென்று வேலியில் மாட்டியிருந்த மிதவை வளையத்தைக் கழற்றி அதற்குள் ஒரு குரங்கு, அந்தோனியாருக்குப் பக்கத்தில் சாவகாசமாக உட்கார்ந்திருக்கிறது. குளத்தோரம் ஓடக் கூடாது என்பதும் உன் சட்டம்தான், ஆனால் குரங்கைத் துரத்த யார் நடந்து போவார்கள்? ஓடினேன், வழுக்கினேன், ஆழமான பக்கத்தில் விழுந்தேன். குரங்கு வளையத்தை இழுத்துக்கொண்டு மாமரத்தில் ஏறிவிட்டது. பக்கத்து வீட்டு ஸெய்னுலாப்தீன் நானா மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்து, "என்ன மாஸ்டர், உடுப்போட குளிக்கிறீங்க?" என்றார். பதில் சொல்ல வாயைத் திறந்தால் தண்ணீர்தான் உள்ளே போனது. செத்தேன் என்றே நினைத்தேன். அப்போது உன் அண்ணி ஹவுஸ்கோட்டோடு வேலியேறிக் குதித்து, என் காலரைப் பிடித்துக் கரைக்கு இழுத்து வந்தாள். சின்ன வயதில் மகாவலி ஆற்றில் நீந்தியவளாம். "நாப்பது வருஷமா சொல்லவேயில்லையே" என்றேன். "நீங்க எங்க கேட்டீங்க?" என்றாள். வேலியேறத் தெரிந்தவள் அன்றைக்கு ஏன் உள்ளேயே நின்றாய் என்றதற்கு, "அன்னைக்கு நீங்க விழலையே" என்றாள்.

ஆகவே தம்பி, சட்டமெல்லாம் சரி, காவல்காரன்தான் சரியில்லை. உன் பிள்ளைகள் விழுந்தால் கரையில் நின்று கத்த மட்டுமே எனக்குத் தெரியும். அதை நினைத்தால் நித்திரை வருவதில்லை. நீ சம்மதித்தால் மண் கொட்டிக் குளத்தை மூடி, போஞ்சிக் கொடி போட்டுவிடுகிறேன்.

பிள்ளைகளுக்கு எங்கள் முத்தங்கள். மாதாவின் காவல் உங்கள் எல்லோருக்கும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
நனைந்த அண்ணன்
மரியநாயகம்

பி.கு.: கடிதத்தைத் தபாலில் போடப் பிந்திவிட்டது. மண் வேண்டாம். உன் அண்ணி இப்போது தினமும் காலையில் குளத்தில் இறங்குகிறாள். தனியாக யாரும் இறங்கக் கூடாது என்பது உன் சட்டம். அதனால் நானும் இறங்க வேண்டியிருக்கிறது. நேற்று அவள் கையை விட்ட பிறகும் கொஞ்ச நேரம் மிதந்தேன். வரும்போது எனக்கொரு நீச்சல் காற்சட்டை கொண்டு வா. இடுப்பில் கட்டும் சாரம் எனக்கு முன்னாலேயே மிதக்கிறது.