கவட்டைக்குச்சிக்கு மீன் வாசம்

டாக்வுட் மரம் பூத்துவிட்டால் எங்கள் மிசிசிப்பிக்காரர்களுக்குப் பாதிப் புத்தி போய்விடும். க்ராப்பி மீன் முட்டையிடக் கரைப்பக்கம் ஒதுங்கும் காலம் அது. அந்த வசந்தத்தில் மீதிப் புத்தியை எல்ராய் பிக்கெட் வாங்கிக்கொண்டான்.

அவனிடம் இருந்தது பீச் மரத்துக் கவட்டைக்குச்சி ஒன்று. இரண்டு கிளையையும் பிடித்துக்கொண்டு படகின் முனையில் நிற்பான். தண்ணீரைப் பார்க்க மாட்டான். அண்ணாந்து வானத்தைத்தான் பார்ப்பான். குச்சி சட்டென்று தலை குனியும். அங்கே தூண்டிலைப் போட்டால் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு க்ராப்பி.

படகுத்துறையில் கூட்டமென்றால் கூட்டம். ஈஸ்டர் ஞாயிறன்று எங்கள் பாதிரியார் பாதிப் பிரசங்கத்தில் வேதப் புத்தகத்தை மூடிவிட்டுத் தூண்டிலோடு வந்து வரிசையில் நின்றார். டென்னசியிலிருந்து சக்கர நாற்காலியில் வந்த ஒருவர் குச்சியைக் கண்டதும் எழுந்து ஓடினாராம். நான் பார்க்கவில்லை. ஆனால் பார்த்ததாக நாற்பது பேரிடம் சொன்னேன்.

வரிசையின் முதல் ஆள் அடியேன், வென்டெல் டகெட். சுத்தியலால் தாங்களே கூரையை உடைத்துவிட்டு ஆலங்கட்டி மழை மேல் பழி போடுகிறவர்களைப் பிடிப்பதுதான் இன்சூரன்ஸ் கம்பெனியில் என் வேலையாக இருந்தது. ஓய்வு பெற்ற அன்று அலுவலகச் சாவியோடு மூளையையும் ஒப்படைத்துவிட்டேன் போலிருக்கிறது.

எனக்கு ஒரு அவசரம் இருந்தது. எங்கள் வீட்டுக் கூடத்தில், என் நாற்காலிக்கு நேர் மேலே, பாடம் செய்த க்ராப்பி ஒன்று தொங்குகிறது. என் மனைவி நோரீன் பிடித்தது. விருந்தாளிகள் முதலில் மீனைப் பார்ப்பார்கள். பிறகு அதன் கீழே இருக்கும் என்னைப் பார்ப்பார்கள். பிறகு சிரிப்பார்கள். அதைவிடப் பெரியதை நான் பிடித்தால் அது கார் ஷெட்டுக்குப் போகும் என்று எங்களுக்குள் ஒப்பந்தம். வசந்தங்கள் போயின. மீன் போகவில்லை.

"எல்ராய்கிட்ட போறேன்," என்றேன்.

இறைச்சி வெந்ததா என்று பார்க்கும் தெர்மாமீட்டரை நோரீன் நூலில் கட்டிக்கொண்டிருந்தாள். அவளுடைய மீன்பிடித் திட்டமே அவ்வளவுதான். ஏரியில் விட்டுப் பார்ப்பாள். தண்ணீர் வெதுவெதுப்பாகியிருந்தால் தூண்டிலை எடுப்பாள்.

"போ. ஆனா அந்தக் குச்சிக்கு மூக்கு எந்தப் பக்கம்னு கேட்டுட்டு வா."

"கிண்டல் பண்ணாத. நல்ல மனுஷன். ஜனவரியில வீடு வீடா வந்து பழைய கிறிஸ்துமஸ் மரத்தையெல்லாம் சும்மா அள்ளிட்டுப் போனானே, விதவைங்களுக்கு விறகாக்கித் தர்றேன்னு."

அவள் கை நின்றது. "பிசின் ஒழுகுற பச்சைப் பைன் மரத்தையா? அடுப்புல வெச்சா புகைக்குழாயே பத்திக்குமே. எந்த விதவை வாங்குனா?"

"அது இப்ப எதுக்கு?"

"சும்மா கேட்டேன். நானும் வர்றேன்."

எங்கள் படகிலேயே போனோம். மோட்டார் நோரீன் கையில். முனையில் எல்ராய். நடுவில் நான், மண்டியிடாத குறை. சுற்றிலும் வேடிக்கை பார்க்கப் படகுகள். காணிக்கைக்கு வைத்திருந்த காபி டப்பாவில் இரண்டு பங்கு போட்டேன்: என் நம்பிக்கைக்கு ஒன்று, மனைவியின் அவநம்பிக்கைக்கு அபராதம் ஒன்று.

"தங்கச்சி, நம்பாதவங்க கூட வந்தா குச்சி கூச்சப்படும்," என்றான் எல்ராய்.

"நான் உனக்கு மூத்தவ. அக்கான்னு கூப்பிடு. கூச்சம் தானா போயிடும்."

இடது என்றான், இன்னும் இடது என்றான். குச்சி குனிந்தது. பக்கத்துப் படகுகளில் 'ஆமென்' என்றார்கள். என் ஆமென்தான் உரக்கக் கேட்டது.

"எல்ராய், மேல என்ன பாக்குற?"

"மேல இருக்கறவர, அக்கா."

"அவருக்குப் பக்கத்துல ஊர்த் தண்ணித்தொட்டி இருக்கு. முன்னால பட்டுப்போன சைப்ரஸ் மரம் நிக்குது. ரெண்டும் ஒரே நேரா வர்ற வரைக்கும் குச்சி அசையலயே." கழுத்துத் துண்டை அவிழ்த்தாள். "சக்தி குச்சிக்குத்தானே? உன் கண்ணு எதுக்கு?"

எல்ராய் விழித்தான். பக்தர்கள்தான் அவனைத் தப்பிக்க விடவில்லை. "கட்டுங்க, கட்டுங்க. அண்ணன் தூங்கிக்கிட்டே காட்டுவாரு," என்றார்கள். முடிச்சை நானே போட்டேன், அவள் வாய் அடையட்டும் என்று.

நோரீன் படகை நாலு சுற்றுச் சுற்றினாள். குச்சி குனிந்தது. தூண்டிலைப் போட்டேன், சேறு. இன்னொரு இடத்தில் குனிந்தது, மறுபடியும் சேறு. மூன்றாவது முறை படகுத்துறைக் கழிப்பறைக்கு நேராகக் குனிந்தது. அங்கே நான் தூண்டில் போடவில்லை. எனக்கும் கொஞ்சம் மானம் உண்டு.

பிறகு சத்தமில்லாமல், தொட்டியும் மரமும் நேராக வரும் பழைய இடத்துக்கே திருப்பினாள். குச்சி கம்பம் போல் நின்றது.

"இங்க எப்படி, எல்ராய்?"

"இங்க ஒண்ணுமில்லக்கா. வெறும் தண்ணி."

"வென்டெல், போடு."

போட்டேன். தூண்டில் வில்லாக வளைந்தது. ஆகா, திமிங்கிலம். கூடத்துச் சுவர் காலியாவது என் கண்ணுக்கே தெரிந்தது. மூச்சு முட்ட இழுத்தேன். மேலே வந்தது ஒரு பைன் கிளை. அதில் ஜிகினாச் சரம். சரத்தின் நுனியில் ஒரு மண் மீன் பொம்மை, முதுகில் 'வென்டெல், நோரீன்' என்று எங்கள் மகள் சின்ன வயதில் எழுதிய எழுத்து. அதைத் தொலைத்துவிட்டேன் என்று கிறிஸ்துமஸ் முதல் நான் வாங்கிய திட்டுக்கு அளவே இல்லை.

முங்கிய கிளைக்குள் க்ராப்பி குடியேறும் என்பது இந்த ஏரியில் கைக்குழந்தைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். குச்சியைப் பார்த்த நேரம் மறந்துபோயிற்று, அவ்வளவுதான்.

"என்ன மாட்டுச்சு?" என்றான் எல்ராய், கட்டிய கண்ணோடு.

"எங்க வீட்டுக் கிறிஸ்துமஸ் மரம்," என்றாள் நோரீன்.

அடுத்த படகில் பாதிரியார் எழுந்து நின்றார். "அப்ப எங்க சர்ச் மரம் எங்கடா?"

எல்ராய் பாவம், பழக்க தோஷம். "இன்னும் கொஞ்சம் தெக்கால, பாதர்," என்று சொல்லிவிட்டுத்தான் நாக்கைக் கடித்தான்.

கரைக்கு வந்ததும் டப்பாவைப் பறித்து அவரவர் காணிக்கையை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பெரியவர் மட்டும் என் காதில் கிசுகிசுத்தார்: "மரமா இருந்தா என்ன தம்பி, குச்சி கரெக்டாத்தானே காட்டுச்சு?" நேற்றுவரை நான் எப்படிப் பேசினேன் என்று அப்போதுதான் என் காதில் விழுந்தது.

நோரீனின் க்ராப்பி சுவரைவிட்டு நகரவில்லை. அதன் கீழே இப்போது அந்த மண் மீனையும் மாட்டியிருக்கிறாள். விருந்தாளி கேட்டால், "அது வென்டெல் பிடிச்சது. ரொம்ப நேரம் போராடுனாரு," என்கிறாள்.

அற்புதம் செய்கிறேன் என்று எவனாவது உங்கள் ஊருக்கு வந்தால், முதலில் ஒரு துண்டை எடுத்து அவன் கண்ணைக் கட்டுங்கள். உங்கள் கண்ணை அவன் கட்டி வெகுநேரம் ஆயிற்று.