மூன்று மில்லி தள்ளி

சாப்பாட்டு மேசையைச் சண்டையில்லாமல் மீட்டுவிடுவது என்று அரைமில்லி முடிவெடுத்தபோது, கட்டில் விளிம்பில் உட்கார்ந்து தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அப்படிச் சாப்பிடத் தொடங்கி ஏழு வாரம் ஆகியிருந்தது.

அரைமில்லி என்பது அலுவலகம் வைத்த பெயர். குடிநீர்க் குழாய் எந்தத் தெருவில் எப்படிப் போகிறது என்று வரைபடம் வரைவது அவர் வேலை. கோடு அரை மில்லிமீட்டர் விலகியிருந்தால் தாளைத் திருப்பி அனுப்பிவிடுவார். திருத்திய தாளில் கையெழுத்தும் தேதியும் இல்லையென்றால், தாளோடு கூடவே போய்த் திட்டிவிட்டு வருவார். இருபத்தாறு வருடம் இப்படி. வீட்டில் அவர் பேச்சுக்கு அந்த அரை மில்லி மதிப்புகூடக் கிடையாது.

மேசையை அடைத்துக்கொண்டு கிடந்தது ஒரு திண்டு. அதன்மேல் புள்ளிபுள்ளியாகத் துளையிட்ட அட்டை. துளைக்கு ஒரு குண்டூசி. ஊசிகளைச் சுற்றி நூல். நூல் முனைகளில் விரல் நீளத்துக்கு எண்பது மரக்குச்சிகள். பாபின் என்று பெயர். குச்சிகளை ஜோடி ஜோடியாக எடுத்து மாற்றி மாற்றிப் போட்டால் லேஸ் வளரும். அவசரப்படாமல் வளரும். ஒரு நாளைக்கு ஒரு விரற்கடை.

"இந்தத் திண்ட கட்டில்ல வெச்சுக்கலாமே" என்று முதல் வாரமே கேட்டுப் பார்த்தார்.

"கட்டில் அசையும். அசைஞ்சா எண்பது குச்சியும் சிக்கிக்கும்."

"அப்ப நான் எங்க உக்காந்து சாப்பிடறது?"

"கட்டில்ல சாப்பிடுங்க. நீங்க அசைஞ்சா ஒண்ணும் சிக்காது" என்றாள் மனைவி.

அவருக்கு இருந்த ஒரே நம்பிக்கை புத்தகப் பஞ்சம். அவளிடம் இருந்தது ஒரே ஒரு டிசைன் புத்தகம். அதில் ஒன்பது டிசைன். எட்டு முடிந்து ஒன்பதாவது நடந்துகொண்டிருந்தது. அடுத்ததற்கு ஊரெல்லாம் அலைந்துவிட்டாள். புத்தகக் கடைகளில் எம்பிராய்டரி இருந்தது, ஸ்வெட்டர் பின்னல் இருந்தது, ஒரு கடையில் ஜடை பின்னலைக் காட்டினார்கள். பாபின் லேஸ் இல்லை. தீனி இல்லாமல் எந்த மிருகமும் பிழைக்காது என்று அரைமில்லி பொறுமையாக மென்றுகொண்டிருந்தார்.

அப்போதுதான் அவள் சொன்னாள்.

"புத்தகம் கிடைக்கலன்னா நானே டிசைன் போட்டுப் பாக்கலாம்னு இருக்கேன்."

"போடேன்."

"அதுக்கு இந்த மேசை பத்தாது. இன்னொண்ணு வேணும்."

வாயில் போட்டது அப்படியே நின்றது. வீட்டில் இன்னொரு மேசை போட்டால் அவர் கட்டிலையும் இழந்து ஜன்னல் கட்டையில்தான் சாப்பிட வேண்டும். ஆகவே புத்தகம் வந்தாக வேண்டும். ஆனால் அது அவர் கை வழியாக வர வேண்டும். வந்து, அவளுக்கு லேஸே வெறுத்துப்போக வேண்டும்.

பழைய புத்தகக் கடைக்காரர் ஒரு குவியலுக்குள் தோள்வரை கையை விட்டார்.

"இந்தாங்க. புள்ளி புள்ளியா இருக்கேன்னு கண் டாக்டர் புத்தகத்தோட போட்டு வெச்சிருந்தேன். யாருக்கு சார்?"

"வீட்டுல."

"அவங்க கேட்டு விட்டாங்களா?"

"இல்ல. நானா வாங்கறேன்."

கடைக்காரர் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "என்ன தப்பு சார் பண்ணீங்க?"

"இன்னும் பண்ணல" என்றார் அரைமில்லி.

மறுநாள் மதிய இடைவேளையில், அலுவலகத்தில் ஆளில்லாத நேரம் பார்த்து அதையும் பண்ணினார். பன்னிரண்டு டிசைன். பிளேடால், ஊசி குத்த வேண்டிய ஒரு புள்ளியைச் சுரண்டி எடுத்தார். மூன்று மில்லி தள்ளி, மெல்லிய பேனாவால் அதே கனத்தில் இன்னொன்று வைத்தார். பக்கத்துக்கு நாலு புள்ளி. முதல் பக்கத்தில் கை உடன்படவில்லை. இத்தனை வருடம் பிறர் செய்தால் சீறிய காரியம். நாலாம் பக்கத்தில் பழகிவிட்டது. ஏழாம் பக்கத்தில் மெல்லச் சீட்டியடித்தார்.

மனைவி புத்தகத்தை வாங்கி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள். முதல் டிசைனில் கண் நின்றது. பிறகு அவரைப் பார்த்தாள்.

"நீங்களா தேடிப் பிடிச்சீங்க?"

"பின்ன?"

"எனக்காக?"

"பின்ன யாருக்கு?"

"உங்க கை பட்ட புத்தகம். பத்திரமா வெச்சுக்கறேன்" என்றாள். குரல் இளகியிருந்தது. அரைமில்லி சட்டென்று எழுந்தார். போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்.

பத்து நாள் காத்திருந்தார். லேஸ் அவர் கணக்கிட்ட இடத்திலேயே தடம் புரண்டது. மூட வேண்டிய இலை வடிவம் மூடவில்லை. நேராகப் போக வேண்டிய ஓரம், சொல்லாமல் கொள்ளாமல் ஒரு பக்கமாக நழுவியது.

"கோணலா வருதே" என்றார் அக்கறையோடு.

"ஆமா."

"கஷ்டமா இருந்தா விட்டுடேன். எல்லாரும் எல்லாமும் செய்யணும்னு என்ன இருக்கு?"

"நீங்க இவ்வளவு பாடுபட்டிருக்கீங்க. நான் விடறதா?"

வாராவாரம் போகும் சனிக்கிழமை லேஸ் வகுப்புக்கு அந்தக் கோணலையும் புத்தகத்தையும் பையில் வைத்துக்கொண்டு போனாள். திரும்பி வந்து பையைக்கூடப் பிரிக்கவில்லை. இன்றைக்குத் திட்டு வாங்கியிருப்பாள், நாளை திண்டு பரணுக்குப் போய்விடும் என்று அரைமில்லி நிம்மதியாகத் தூங்கினார்.

ஞாயிறு காலை கதவைத் திறந்தவர் திறந்தபடி நின்றார். வாசலில் ஐந்து பெண்கள். ஐந்து திண்டுகள். முன்னால் நின்றவர் லேஸ் வகுப்பு டீச்சர். மூக்குக் கண்ணாடியை இறக்கி அரைமில்லியை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"இவர்தானா?" என்று உள்ளே பார்த்துக் கேட்டார்.

"இவரேதான் டீச்சர்" என்றாள் மனைவி.

எல்லாரும் மேசையைச் சுற்றிக்கொண்டார்கள். டீச்சர் அந்தக் கோணல் லேஸை ஒரு கறுப்புத் துணியின்மேல் விரித்தார். மற்ற நால்வரும் மூச்சை உள்ளே இழுத்தார்கள்.

"முப்பது வருஷமா லேஸ் போடறேன். எல்லா டிசைனும் கண்ணாடியில பாத்த மாதிரி ரெண்டு பக்கமும் ஒண்ணாவே இருக்கும். இது காத்துல சாயுது பாருங்க. இந்த இலைய மூடாம விட்டிருக்கீங்களே, அங்கதான் உயிரே. எப்படிங்க தோணிச்சு?"

அரைமில்லி ஓர் எட்டு பின்வாங்கினார். "எனக்கு என்னங்க தெரியும்? புத்தகம் பழசு. அச்சுப்பிழையா இருக்கும்."

"அச்சுப்பிழைக்கு யாராவது கையெழுத்துப் போடுவாங்களா?" என்றாள் மனைவி.

புத்தகத்தை அவர் முன்னால் விரித்தாள். முதல் டிசைன். வலது கீழ் மூலையில், பொடிப்பொடியாக, சுத்தமான எழுத்தில், 'திருத்தப்பட்டது'. அதன்கீழ் அவருடைய சுருக்கொப்பம். அதன்கீழ் தேதி. அவள் அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். அங்கும் இருந்தது. பன்னிரண்டு பக்கமும் திருப்பினாள். ஒரு பக்கத்தில்கூட அவர் விட்டுவைக்கவில்லை. எப்போது போட்டார் என்று அவருக்கே தெரியவில்லை. இருபத்தாறு வருடம் பழகிய கை, எஜமானைக் கேட்காமலே போட்டிருக்கிறது.

திருடனைத் தேள் கொட்டியது. கத்தவும் முடியாது, காலை உதறவும் முடியாது.

"அன்னிக்கே பாத்துட்டியா?" என்றார் மிக மெதுவாக.

"முதல் பக்கத்துலயே" என்றாள் அவளும் மெதுவாக. "சரி, எங்க போய் முடியுதுன்னு பாப்போம்னு பின்ன ஆரம்பிச்சேன்."

அடுத்த மாதம் லேஸ் கண்காட்சி. அதற்கு இதே கையால் இன்னும் ஆறு டிசைன் வேண்டும் என்றார் டீச்சர். அரைமில்லி வரைந்ததைப் பார்த்து இதுவரை யாரும் மூச்சை உள்ளே இழுத்ததில்லை. குழாய் வரைபடத்தைப் பார்த்து யார் இழுப்பார்கள்? அதிர்ச்சிக்கு நடுவிலும் அவருக்கு லேசாக நெஞ்சு விரிந்தது. மனைவி திண்டை ஓரமாக நகர்த்தி மேசையில் ஒரு மூலையை ஒழித்துக் கொடுத்தாள். நாற்காலியும் போட்டாள். ஒன்பது வாரத்துக்குப் பிறகு அரைமில்லி தன் மேசையில் முழங்கையை ஊன்றினார். மரம் குளிர்ச்சியாக இருந்தது.

ஒரு மணி நேரம் வரைந்தார். பேரைக் காப்பாற்ற வேண்டுமே என்று கட்டத்தாள், அளவுகோல், கவராயம் எல்லாம் வைத்து, ஒரு புள்ளிகூடப் பிசகாமல் வரைந்து நீட்டினார்.

டீச்சர் தாளை இப்படித் திருப்பினார், அப்படித் திருப்பினார். முகம் வாடியது.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா எல்லாம் அது அது இருக்க வேண்டிய இடத்துலயே இருக்கு."

மற்ற நால்வரும் எட்டிப் பார்த்து, பாவம் என்பதுபோல் அவரைப் பார்த்தார்கள்.

"நிதானமா உக்காந்து போட்டுட்டார் டீச்சர்" என்றாள் மனைவி. "இவருக்கு என் மேல வயிறு எரிஞ்சாத்தான் கை வரும். பத்து நிமிஷம் குடுங்க, நான் பாத்துக்கறேன்."

பிறகு அவர் பக்கம் திரும்பினாள்.

"எழுந்திருங்க. அந்த நாற்காலி அவங்களுக்கு வேணும்."