அம்மா அழுத ஒரே டேக்

பதற்றத்தை உண்டாக்கும் திறமை எனக்கு இயல்பிலேயே உண்டு. அதைத் திரையில் உண்டாக்கத்தான் வராது. இதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு முழுப் படிப்பு தேவைப்பட்டது.

எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்த கையோடு, சினிமா படிப்பேன் என்று அடம்பிடித்தவள் நான். நிலக்கரிச் சுரங்கத்தில் பெர்மனெண்ட் வேலையில் இருந்த அப்பா ஒரே நிபந்தனையோடு விட்டார். "கடைசி வருஷப் படத்துல பாஸ் பண்ணு. இல்லேன்னா வாயை மூடிட்டு சுரங்கத்து வேலைக்கு அப்ரண்டிஸ் பரீட்சை எழுது."

கதை இதுதான்: ஷிப்ட் முடிந்தும் கணவன் வீடு திரும்பவில்லை, மனைவி காத்திருக்கிறாள். வசனம் கிடையாது. பதற்றம் முழுவதையும் கேமராவே செய்ய வேண்டும் என்பது என் கொள்கை. (அந்த வயதில் என்னிடம் நிறையக் கொள்கைகள் இருந்தன.) தரையோடு தரையாகத் தாழ்ந்த கோணத்தில் தொடங்கி, மெல்ல மெல்ல முகத்தை நெருங்க வேண்டும். சக்கரம் வைத்த இரண்டு கேஸ் சிலிண்டர் ஸ்டாண்டுகளின் மேல் ஒரு பலகை. அதில் நான் கேமராவுடன் குப்புறப் படுத்துக்கொள்வேன். மந்தாரக்குப்பத்திலிருந்து வந்த தோழி கவிதா என் கால்களைப் பிடித்துத் தள்ளுவாள்.

மனைவியாக அம்மா. முதல் சில டேக்குகளில் சிரித்துவிட்டார். கண்ணுக்குக் கீழே தைலம் தடவி, கண்டிப்பாகச் சொன்னேன்: "நான் கட் சொல்ற வரைக்கும் யார் வந்தாலும் வாயைத் திறக்கக் கூடாது."

(சொன்னதைக் கேட்கும் நடிகை எவ்வளவு ஆபத்தானவர் என்று வகுப்பில் சொல்லித் தரவில்லை.)

முதல் ஷிப்ட் முடிந்தவர்களை இறக்கிவிட்டுப் பேருந்துகள் போய்விட்டிருந்தன. எதிர் குவார்ட்டர்ஸ் செல்வி அக்கா வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தார். வாசற்படியில் அம்மா அழுகிறார். மகள் குப்புறக் கிடக்கிறாள். ஒருத்தி அவள் காலைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். கேமராவை மருதாணிச் செடி மறைத்திருந்தது.

"இன்னாக்கா ஆச்சு, இப்டி அழுதுகினு நிக்கிறீங்க?"

அம்மா வாயைத் திறக்கவில்லை.

"எங்க வூட்டுக்காரரு வந்து, சாப்ட்டு, தூங்கிகினே இருக்காரு. அண்ணன் இன்னும் வர்லியா?"

அம்மாவின் முகம் மாறியது. அப்பா வரவில்லை என்பது அவருக்கே அப்போதுதான் உறைத்தது. எனக்கு உறைக்கவில்லை. என்ன நடிப்பு என்று சிலிர்த்துப்போய், இன்னும் மெதுவாகத் தள்ளும்படி கவிதாவுக்குக் காலாலேயே சைகை காட்டினேன்.

செல்வி அக்கா அப்பாவுக்கு ஃபோன் செய்தார். எடுக்கவில்லை. (வேலை நேரத்தில் அது லாக்கரில் இருக்கும். எல்லோருக்கும் தெரியும்; அன்று ஒருவருக்கும் நினைவு வரவில்லை.) பிளாக்கே திரண்டது. பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கூட்டத்தை நான் அழைக்கவில்லைதான், ஆனால் காட்சிக்குப் பொருத்தமாக இருந்ததால் விட்டுவிட்டேன். ஒரு கை என் முதுகைத் தடவிக்கொடுத்தது. கேமரா ஆடிவிடுமே என்று மூச்சை அடக்கிக்கொண்டேன். செல்வி அக்கா வீட்டுக்குப் போய், ஃபிளாஸ்க் நிறையக் காபியோடு திரும்பினார்.

அப்போதுதான் அப்பா வந்தார். அடுத்த ஷிப்ட் ஆள் தாமதமானதால், அவர் வந்து பொறுப்பேற்கும்வரை இயந்திரத்தை விட்டு நகர முடியாமல் நின்றிருந்தவர். கூட்டத்தைப் பார்த்தார். குப்புறக் கிடந்த என்னைப் பார்த்தார். டிபன் கேரியர் கையிலிருந்து நழுவியது.

"யாருக்கு என்ன ஆச்சு?"

செல்வி அக்கா அவரை மேலும் கீழும் பார்த்தார். "உங்களுக்குத்தாண்ணே."

அம்மா என் பக்கம் திரும்பினார். "இப்ப வாயைத் திறக்கலாமாடி?"

திறந்தார். அதை இங்கே எழுத முடியாது.

அப்பா படியில் உட்கார்ந்தார். செல்வி அக்கா காபியை ஊற்றிக் கொடுத்தார். "சாவு வூட்ல அடுப்பு பத்த வெக்க மாட்டாங்களேன்னு போட்டாந்தேன். நீங்களே குடிங்க." குடித்தார். இன்னொரு டம்ளரும் கேட்டு வாங்கிக் குடித்தார்.

பிளாக்கையே அழவைத்த அந்தக் காட்சியைக் கணினியில் போட்டுப் பார்த்தேன். நெருங்கிப் போகும்போது ஃபோகஸை மாற்ற மறந்திருக்கிறேன். அம்மா வெறும் மங்கலான புடவை. அவருக்குப் பின்னால் சுவரில் கரண்ட் மீட்டர் மட்டும் அவ்வளவு துல்லியம். மறுபடி எடுக்கலாமா என்று கேட்க, வீட்டில் யாரும் என்னோடு பேசவில்லை. அதையே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"மீட்டருக்கு என்னம்மா பிரச்சினை?" என்று கேட்டார் தேர்வாளர். ஃபெயில்.

அப்ரண்டிஸ் பரீட்சை எழுதினேன். இப்போது அதே சுரங்கத்தில் கண்காணிப்புக் கேமராக்களைப் பராமரிக்கிறேன். எல்லாம் சுவரில் திருகி முடுக்கியவை. எதையும் நகர்த்த எனக்கு அனுமதி இல்லை.

அப்பா ஓய்வு பெற்றுவிட்டார். காலையில் அம்மா தரும் காபியை ஒரு வாய் குடித்துவிட்டு, டம்ளரைக் கீழே வைத்து, நிதானமாகச் சொல்வார்: "என் சாவுக்குப் போட்ட காபி இதைவிட நல்லா இருந்துச்சு."