ஹாலியா சித்தி எலும்புச் சோதனைக்குச் சம்மதித்த வரலாறு

கனடாவின் சாஸ்கடூன் நகரில் மருந்துக்கடையை ஆண்டுகொண்டிருக்கும் என் அண்ணன் மகள் லாரிசாவுக்கு, பண்ணையிலிருந்து ஓரெஸ்ட் சித்தப்பா எழுதுவது. உன் சுகமும் உன் பூனையின் சுகமும் அறிய ஆவல்.

இதெல்லாம் நடக்கும் என்று நான் அறுவடைக்கு முன்பே சொன்னேன். கொட்டகையில் தனியாக நின்று சொன்னதால் யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். ஆதாரம் கையில் இருக்கிறது. விதைக் கம்பெனி வருஷா வருஷம் தரும் காலண்டரில் கோதுமை விதைத்த நாள், டிராக்டருக்கு ஆயில் மாற்றிய நாள், உன் சித்திக்கு மாதவிலக்கு வந்த நாள், மூன்றையும் இருபத்தெட்டு வருஷமாகக் குறித்து வருகிறேன். பன்னிரண்டு மாதமாக மூன்றாவது குறி விழவே இல்லை. நான் எட்டாவதோடு நின்றவன்தான். ஆனாலும் ஐம்பத்திரண்டு வயதில் அது நின்றால் என்ன அர்த்தம் என்று தெரியாதா? காலண்டரை அவளிடமே பெருமையாகக் காட்டினேன்.

"ஏன்யா, என் கர்ப்பப்பையையும் உன் டிராக்டரையும் ஒரே பக்கத்துலயா எழுதி வச்சிருக்க?"

"ரெண்டும் ஓடினாத்தானே வீடு ஓடும், ஹாலியா."

அன்றைக்கு நானே சமைத்துக்கொண்டேன்.

அப்புறம் அவளுக்கு உடம்பு திடீர் திடீரென்று கொதிக்க ஆரம்பித்தது. வெளியே மைனஸ் முப்பத்தைந்து, இவள் வாசல் கதவைத் திறந்து போட்டுக்கொண்டு விசிறிக்கொள்கிறாள். அவள் நெற்றியில் முட்டை பொரிந்தது என்று எழுதினால் நீ நம்பமாட்டாய், ஆகவே பாதி வெந்தது என்று எழுதுகிறேன். பாவம் வேகிறாளே என்று, ஐஸ் தரையில் கல்லைத் தள்ளி ஆடும் கர்லிங்குக்கு இருவரும் கிளம்பும்போது வீட்டு ஹீட்டரை அணைத்துவிட்டேன். அந்தக் குளிரில் ஹீட்டரை அணைத்தால் தண்ணீர் உறைந்து குழாய் வெடிக்கும் என்பது எங்கள் கோழிக்குக்கூடத் தெரியும். திரும்பி வந்தால் சமையலறைத் தரை முழுக்க ஐஸ். கால் வைத்தாள், விழுந்தாள், வலது மணிக்கட்டு முறிந்தது.

"முப்பது வருஷமா ஐஸ்ல கல்லு தள்ளுறேன், ஒரு நாள் விழுந்ததில்ல. என் அடுப்படியிலயே விழ வச்சுட்டியே, பாவி."

மாவுக்கட்டு போட்ட டாக்டரம்மா பொறுமைசாலி. "மாதவிலக்கு நின்னா ஈஸ்ட்ரோஜன் குறையும். அது குறைஞ்சா எலும்பு வேகமா தேயும். எலும்பு எவ்வளவு திடமா இருக்குன்னு ஒரு சோதனை பண்ணிடலாம். இன்னும் முப்பது வருஷம் நல்லா நடமாடணும் இல்லியா?" என்றார்.

"நான் அப்பவே சொன்னேன்" என்றேன்.

"அப்புறம் ஏன் ஹீட்டரை அணைச்சீங்க?"

படித்தவர்களோடு நான் வாதாடுவதில்லை.

சித்தியும் உடனே தலையாட்டிவிட்டாள். வியாழக்கிழமை காலை பத்து மணிக்குச் சோதனை. ஆகவே கவலைப்படாதே. உன் எலும்புகள் இரும்பாகவும் நீ அவிக்கும் பெரோகிக் கொழுக்கட்டை பஞ்சாகவும் இருக்க என் ஆசிகள்.

இப்படிக்கு,
முன்பே சொன்ன சித்தப்பா

பி.கு.: மேலே ஒன்று மட்டும் என் கைச்சரக்கு. சித்தி தலையாட்டவில்லை. "எலும்பு மெலிஞ்சிருக்குன்னு காயிதம் வந்தா அப்புறம் கல்லைத் தொட விடமாட்டாங்க, நான் வரல" என்று உட்கார்ந்துவிட்டாள். இப்போது மாடிப்படியில் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறாள். நான் பார்க்கவில்லை என்று நினைக்கிறாள். நான் சொன்னால் கேட்கமாட்டாள், நீ சொன்னால் கேட்பாள். புதன்கிழமை போன் பண்ணு. யோசனை உன்னுடையது என்றே இருக்கட்டும்.