கொடுவாவுக்கு வைத்த விருந்து

நம் ஊரில் ஒருவரைக் கொல்ல விஷமெல்லாம் வேண்டாம். பந்தியில் உட்காரவைத்து, "இன்னும் ஒரு கரண்டி" என்று நாலு முறை கேட்டால் போதும். சர்க்கரை வியாதிக்காரர்களைப் பாயசம் ஊற்றியே வழியனுப்பிய குடும்பங்கள் எங்கள் இரும்புலியூர் தெருவிலேயே உண்டு. நானும் அந்தப் பரம்பரையில் வந்தவன்தான். என்ன, நான் விருந்து வைத்துக் கொன்றது ஒரு கூண்டு நிறைய மீன்களை. கூடவே ஒரு மனிதரின் பிழைப்பும் போனது.

இரண்டாயிரங்களின் பிற்பகுதி. மீன்வளப் படிப்பை முடித்துவிட்டு, கடலில் கூண்டு மிதக்கவிட்டு மீன் வளர்க்கும் ஒரு சின்னக் கம்பெனியில் கள அலுவலராகச் சேர்ந்திருந்தேன். (கள அலுவலர் என்றால் பைக்கில் போகிறவர் என்று அர்த்தம். ஏசியில் இருப்பவருக்கு எம்.டி. என்று பெயர்.) விடிகாலையில் கிளம்பி மேடவாக்கம், பெரும்பாக்கம், சோழிங்கநல்லூர் என்று தூசி குடித்துக்கொண்டே கடற்கரைக் குப்பத்துக்குப் போய்ச் சேர்வேன். கரையிலிருந்து பார்த்தாலே எங்கள் கூண்டு தெரியும். வட்டமாக வளைத்த பெரிய பிளாஸ்டிக் குழாய், அதிலிருந்து கடலுக்குள் தொங்கும் வலை, வலைக்குள் கொடுவா மீன்கள். குஞ்சாக விட்டவை அப்போது கைமுழம் நீளத்துக்கு வளர்ந்து அறுவடைக்குத் தயாராக இருந்தன.

அந்த வயதில் இதைப் பற்றி என் வாய் மூடியதே இல்லை. மின்சார ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்தவர் குரோம்பேட்டையில் இறங்குவதற்குள் அவருக்கு ஒரு வகுப்பு எடுத்து முடித்துவிடுவேன். "கடல்ல மீன் வருஷா வருஷம் குறையுது சார். மீன்பிடித் தடைக்காலத்துல தாம்பரம் மார்க்கெட்ல நீங்க வாங்கறது எங்கேயோ பிடிச்சு ஐஸ்ல படுக்கவெச்ச மீன். கரையோரம் பூரா இந்த மாதிரி கூண்டு வந்துடுச்சுன்னா, நம்ம கடல் மீன் வருஷம் முழுக்க நம்ம வீட்டுக் குழம்புல இருக்கும்." அவர் குரோம்பேட்டைக்கு முன்னாலேயே எழுந்து போய்க் கதவருகே நின்றுகொள்வார். என்னை முழுசாக நம்பியது அம்மா ஒருத்திதான். "உன் மீனு எப்போடா நம்ம சட்டிக்கு வரும்?" என்று ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கேட்பாள்.

கூண்டைப் பார்த்துக்கொண்டவர் கன்னியப்பன் அண்ணன். ஐம்பது வயதை நெருங்கிக்கொண்டிருந்தார். ஒருமுறை படகு கவிழ்ந்ததில் தோள் எலும்பு நொறுங்கி, வலது கை தோளுக்கு மேலே எழும்பாது. வலை இழுக்க முடியாதவரை எந்தப் படகிலும் ஏற்றிக்கொள்ள மாட்டார்கள். கரைக்குப் பக்கத்தில் மிதந்த இந்தக் கூண்டு ஒன்றுதான் அவரைக் கடல்காரராக வைத்திருந்தது. சாளை மீனை வெட்டி இரை போடுவது, வலையில் கிழிசல் பார்ப்பது, எல்லாம் அவர் பொறுப்பு.

"இது இல்லன்னா இன்னா பண்ணுவீங்கண்ணா?" என்று ஒருநாள் கேட்டேன். (நான்கூட அங்கே போனால் 'இன்னா' போட்டுப் பேசுவேன். பேசினால் கடல்காரன் ஆகிவிடலாம் என்று ஒரு நினைப்பு.)

"வாட்ச்மேன் வேலதான் சார். ரோட்டப் பாத்துகினு ஒக்காரணும். கடலப் பாத்தவன் ரோட்டப் பாத்தா செத்துருவான்" என்றார்.

அறுவடை நாளன்று அரசாங்கத்திலிருந்து ஒரு அதிகாரி அம்மா வந்து பார்ப்பதாக ஏற்பாடு. அவர் திருப்திப்பட்டால் அந்தக் கரையோரம் வரிசையாகக் கூண்டுகள் வரும், கன்னியப்பன் அண்ணன்தான் எல்லாவற்றுக்கும் மேற்பார்வை. இல்லையென்றால் இருக்கிற ஒன்றையும் கழற்றிவிடுவதாக எம்.டி. சொல்லியிருந்தார். வியாழக்கிழமை பத்து மணி என்று முடிவானது.

செவ்வாய் சாயங்காலம் கன்னியப்பன் அண்ணனின் கூடப்பிறந்த அண்ணன் கரையில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்து இறந்துபோனார். ஊரில் ஒரு சாவு என்றால் பிணம் எடுக்கிறவரை எந்தப் படகும் கடலில் இறங்காது. அது அங்கே சட்டம். புதன்கிழமை நான் போனபோது படகெல்லாம் மணலில் ஏறிக்கிடக்க, குப்பமே சாவு வீட்டு வாசலில் இருந்தது. அன்று சாயங்காலம்தான் எடுப்பதாக இருந்தது. மாலையைப் போட்டுவிட்டு, கடலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கூண்டுக்குள் என் மீன்கள் பட்டினி. சாவு வீட்டில் நின்றுகொண்டு மீனுக்குச் சாப்பாடு போட வேண்டும் என்று யாரிடம் போய்க் கேட்பது?

அன்று இரவு வீட்டில் சாதம் இறங்கவில்லை. அம்மா விஷயத்தைக் கேட்டுவிட்டு, "ஐயோ பாவம், வாயில்லா ஜீவன். நாளைக்கு நாலு பேர் பாக்க வர்றப்போ வயிறு ஒட்டிக்கிட்டு நின்னா நல்லாவா இருக்கும்? காலையிலயே போய் நிறையப் போட்டுடு" என்றாள். உலகத்தில் எந்த மீன்வளக் கல்லூரியிலும் சொல்லித்தராத இந்தப் பாடத்தைத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டேன்.

வியாழக்கிழமை விடிந்ததும் போனால் கன்னியப்பன் அண்ணன் எனக்கு முன்பே படகருகே நின்றார். கண் வீங்கியிருந்தது. "நீங்க வரணுமாண்ணா?" என்றேன்.

"தொயிலுக்கா போறேன்? புள்ளைங்களப் பாக்கப் போறேன்" என்றார். படகில் ஏறி உட்கார்ந்ததும் அவரே ஆரம்பித்தார்: "நேத்து சாவுக்கு வந்தவன் போனவனுக்கெல்லாம் சோறு போட்டோம் சார். இதுங்கள மட்டும் பட்டினி போட்டுட்டோம்."

இரண்டு பேருக்கும் மனசு ஒன்றாகிவிட்டது. வழக்கமாகப் போடுவதைப் போல இரண்டு பங்கு சாளையை வெட்டிக் கொட்டினோம். தண்ணீர் கொதிக்கிற மாதிரி மீன்கள் பாய்ந்து பாய்ந்து தின்றன. சாவுக்குப் பிறகு முதல்முறையாகக் கன்னியப்பன் அண்ணன் முகம் கொஞ்சம் தெளிந்ததைப் பார்த்து, மிச்சமிருந்ததையும் அள்ளிப் போட்டேன். (பந்தியில் என் பெரியப்பா லட்டு வைப்பாரே, அதே தோரணையில்.)

பத்து மணிக்கு விருந்தாளிகள் வந்தார்கள். அன்று காற்றே இல்லை. கடல் தட்டில் ஊற்றிய எண்ணெய் மாதிரி அசையாமல் கிடந்தது. "கடல் எவ்ளோ அமைதியா இருக்கு, நல்ல சகுனம்" என்றார் எம்.டி. படகில் கூண்டருகே போனதும் அதிகாரி அம்மா எட்டிப் பார்த்தார். மீன்கள் அடியில் இருந்தன.

"மேடத்துக்குத் தெரியலையேப்பா. வலையத் தூக்கச் சொல்லு" என்றார் எம்.டி.

நாலு பக்கமும் ஆட்களை நிறுத்தி வலையை மேலே இழுத்துக் கட்டச் சொன்னேன். அகலமான வீட்டில் இருந்தவர்களையெல்லாம் ஒரு அறைக்குள் அடைத்த மாதிரி, மொத்த மீனும் மேலே வந்து நெருங்கி நின்றது. எம்.டி. நாட்டின் மீன் தேவையைப் பற்றி ஒரு உரை நிகழ்த்தினார். போட்டோ எடுத்தார்கள். நான் என் ரயில் வகுப்பை முழுசாக எடுத்தேன். இந்தத் தடவை எழுந்து போகக் கதவும் இல்லை.

நடுவில் மீன்கள் தண்ணீருக்கு மேலே வாயைத் தூக்கித் தூக்கித் திறந்தன.

"ஏன் இப்படிப் பண்ணுது?" என்று கேட்டார் அதிகாரி அம்மா.

"உங்களைப் பாக்க வருதுங்க மேடம். ரொம்ப பழக்கமாயிடுச்சு" என்றேன்.

அவர் சிரித்தார். எம்.டி. சிரித்தார். நானும் சிரித்தேன். மூச்சுக்குத் திணறிச் சாகிற உயிர்களைக் காட்டி, வரவேற்பு என்று விளக்கம் சொன்னவன் நான். இன்றைக்கும் அந்த வாக்கியம் நினைவுக்கு வந்தால் எங்கே இருந்தாலும் கண்ணை மூடிக்கொள்வேன்.

முதலில் ஒன்று புரண்டது. வெள்ளை வயிறு. பிறகு பக்கத்தில் இன்னொன்று. "வலைய உடு, உடு" என்று கன்னியப்பன் அண்ணன் அலறிக்கொண்டே இடது கையால் கயிற்றை அவிழ்த்தார். வலை இறங்கியது. மீன்கள் இறங்கவில்லை. கொஞ்ச நேரத்தில் கூண்டு முழுக்க வெள்ளையாகிவிட்டது. அதிகாரி அம்மா கரைக்குப் போகலாம் என்று மெதுவாகச் சொன்னார்.

கரையில் எம்.டி. என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "காலையில இரை போட்டியா?"

அறுவடைக்கு முன்னால் மீனைப் பட்டினி போட வேண்டும். வயிறு நிறைந்த மீனுக்குச் செரிக்கவே நிறையக் காற்று வேண்டும். அதை நெருக்கி நிறுத்தினால், அதுவும் அசையாத தண்ணீரில், மூச்சு முட்டிச் செத்துப்போகும். இது முதல் வருஷப் பாடம். பரீட்சையில் அடிக்கோடெல்லாம் போட்டு எழுதியிருக்கிறேன். செத்துப்போன மனிதர் தன் சாவால் ஊரையே கரையில் நிறுத்தி, அந்த மீன்களைச் சரியாக எப்படி வைக்க வேண்டுமோ அப்படி வைத்துவிட்டுப் போயிருந்தார். நான்தான் மெனக்கெட்டு விடிகாலையில் போய்க் கெடுத்தேன்.

ஐஸ் வண்டி மத்தியானம்தான் வருவதாக இருந்தது. இரை நிறைந்த வயிறு வெயிலில் உப்ப ஆரம்பித்துவிட்டதால் வாங்க வந்த ஆள் தொட்டுக்கூடப் பார்க்காமல் போனார். கன்னியப்பன் அண்ணனின் மனைவி மாரியக்கா, கெடாமல் இருந்ததையெல்லாம் பிரித்து ஊருக்கே கொடுத்தாள். அன்று குப்பத்தில் எல்லா வீட்டிலும் கொடுவாக் குழம்பு கொதித்தது, அவர்கள் வீட்டைத் தவிர. கருமாதி முடிகிறவரை சாவு வீட்டில் கவிச்சி கிடையாது. தன் கையால் வளர்த்ததில் ஒரு துண்டுகூடக் கன்னியப்பன் அண்ணன் வாயில் வைக்கவில்லை. எனக்கு ஒரு மீனைப் பையில் போட்டுக் கொடுத்து, "அம்மா கேட்டாங்கன்னியே சார், எடுத்துகினு போ" என்றார். மேடவாக்கம் வரைக்கும் அழுதுகொண்டே வண்டி ஓட்டினேன்.

அடுத்த மாதமே கூண்டைக் கழற்றிவிட்டார்கள். நானும் அந்த வேலையில் நீடிக்கவில்லை. இப்போது இன்சூரன்ஸ் விற்கிறேன், பொருத்தமாகத்தான்.

எங்கள் வீட்டில் மட்டும் இந்தக் கதை இன்னும் ஓடுகிறது. பையனின் ஆண்டு விழாவன்று அம்மா அவனுக்கு ஐந்தாவது இட்லியை வைத்தால், என் மனைவி சொல்வாள்: "போதும் அத்தை, மேடையில ஏத்தணும். கொடுவாவாக்கிடாதீங்க." எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் பெரும்பாக்கம் பக்கம் ஒரு அடுக்குமாடி வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குப் போயிருந்தோம். சாப்பிட்டுவிட்டு வெளியே வரும்போது, இடது கையால் கேட்டைத் திறந்துவிட்டவர் என்னையே பார்த்தார். முடியெல்லாம் நரைத்துவிட்டது. நீலச் சட்டை, தொப்பி.

"சாப்டியா சார்?" என்றார் கன்னியப்பன் அண்ணன்.

"ஆச்சுண்ணா" என்றேன்.

"பாத்துப் போ. காத்தே இல்ல இன்னிக்கு."

சொல்லிவிட்டு கேட்டைச் சாத்தினார். ரோட்டைப் பார்த்துப் போட்டிருந்த நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டார்.