அவுஸ்திரேலியாவுக்கு ஒரு கடல் பாஸ்

எங்கள் கடற்கரை ஊரான தாழ்வுபாட்டில் நேர்வழியாரைப் போலச் சட்டத்துக்குப் பயந்த மனிதர் பிறந்ததில்லை; அவரைப் போலச் சட்டத்தைத் தலைகீழாக விளங்கிக்கொண்டவரும் பிறந்ததில்லை. ஞானஸ்நானத்தில் வைத்த பெயரை ஊரே மறந்துவிட்டது. ஆளில்லாத ஒழுங்கையில் சைக்கிளைத் திருப்பும்போதும் கை காட்டுவார். பின்னால் ஆடுதான் வரும்.

சண்டை முடிந்து சனம் ஊர்களுக்குத் திரும்பிக்கொண்டிருந்த காலம். இடப்பெயர்வில் வள்ளத்தைப் பறிகொடுத்திருந்த அவர், கண்டவர் வள்ளத்திலும் கூலிக்குப் போனார். வெளிநாட்டில் உழைத்துச் சொந்த வள்ளம் வாங்கவேண்டும். வேறு ஆசையே கிடையாது. எங்கள் வீட்டில் முதன்முதலாக ஏ.எல். வரைக்கும் படித்தவன் நான் என்பதால் ஆலோசனைக்கு என்னிடம் வந்தார்.

“தம்பி, அவுஸ்திரேலியாவுக்குக் கடலாலை போறது நேர்வழி. பிளேன் கள்ளவழி. சரிதானே?”

“மாறிச் சொல்லுறியள் அண்ணை. விசா எடுத்துப் பிளேனிலை போறதுதான் சட்டம். அவுஸ்திரேலியாவுக்கு வள்ளத்திலை போறது களவு.”

என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “சண்டைக்குள்ளை நான் ராமேஸ்வரத்துக்கு வள்ளத்திலை போனனான். கரையிலை பேர் கேட்டாங்கள், என்ரை பேரைச் சொன்னனான். முகாமிலை அரிசி தந்தாங்கள். என்ரை மச்சான் பிளேனிலை போக வெளிக்கிட்டவன். ஆரோ ஒருத்தன்ரை பாஸ்போட், அதிலை இவன்ரை படம். கட்டுநாயக்கா எயார்போட்டிலை பிடிச்சு உள்ளுக்கை போட்டாங்கள். இப்ப சொல்லு, எது களவு?”

“அது உயிருக்குப் பயந்து ஓடினது அண்ணை. இது உழைக்கப் போறது.”

“உழைக்காட்டி உயிர் நிக்குமோ?”

அவர் தெளிவாக எழும்பிப் போனார். நான்தான் குழம்பிப்போய் இருந்தேன்.

பிறகு ஒரு ஏஜென்சிக்காரன் வந்தான். அவுஸ்திரேலியாவுக்குக் களவாக ஆட்களை ஏற்றிப்போகும் பெரிய வள்ளத்துக்கு ஓட்டி வேண்டுமாம். நேர்வழியார் சம்மதித்துவிட்டார். அவர் மனைவி ரீத்தாக்கா அழுதுகொண்டு ஓடிவந்தார். “தம்பி, அந்தக் கடலிலை போனவை எத்தினை பேர் திரும்பேல்லை! மறிச்சுப் போடடா!”

நான் ஓடினேன். அவர் நேவிக்காரரின் காவலரணில், பூசைக்குப் போடும் வெள்ளைச் சேட்டோடு வரிசையில் நின்றார். அந்த நாட்களில் மீன்பிடிக்கப் போவதென்றாலும் அங்கே பாஸ் எடுக்கவேண்டும்.

“எங்க போறது?” என்றார் நேவிக்காரர்.

“அவுஸ்திரேலியா, மாத்தயா.”

“எப்ப திரும்பி வாறது?”

“மூண்டு வரியத்திலை வந்திடுவன்.”

“அண்ணைக்குக் காய்ச்சல் சேர், அலட்டுறார்” என்று நான் இடையில் விழுந்தேன். நேர்வழியாருக்குக் கோபம் வந்துவிட்டது. “பொய் சொல்லாதை தம்பி! அந்தா, வள்ளம் கரையிலை நிக்குது. நான்தான் ஓட்டி.”

வள்ளம் பிடிபட்டது. ஏஜென்சிக்காரன் பனங்கூடலுக்குள் ஓடி மறைந்தான். இவரை ஒரு பகல் முழுக்க விசாரித்து, கடைசியில் தங்கள் தலையில் கைவைத்துக்கொண்டு விட்டுவிட்டார்கள். பயணம் கெட்டவர்கள் ஏசிய ஏச்சை எழுதமுடியாது. “பாஸ் கேட்டது பிழையோ?” என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுத் திரிந்தார். ரீத்தாக்கா மட்டும் அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தினார்.

கடைசியில் நானே பாஸ்போட் கந்தோர், விசாக் கந்தோர் என்று கூட்டிக்கொண்டு அலைந்து, முறையான விசாவில் கட்டாருக்கு அனுப்பினேன். விமான நிலைய வாசலில் என் கையை விடவில்லை. “என்னைக் கள்ளனாக்கிப் போட்டாய் தம்பி.”

போய் இறங்கியதும் போன் வந்தது. “ஒருத்தரும் பிடிக்கேல்லை தம்பி! ஆனா முதலாளி பாஸ்போட்டை வாங்கி அலுமாரிக்குள்ளை பூட்டிப் போட்டான். கேட்டாலும் தாறானில்லை. நீ படிச்சனீ, சொல்லு. இது நேர்வழியோ?”



உழைத்துத் திரும்பி வள்ளம் வாங்கிவிட்டார். இப்போது பாஸ் கேட்பாரில்லை. ஆனாலும் யாரிடமாவது சொல்லாமல் கடலில் இறங்க அவருக்கு மனம் வராது. என் படலையடியில் நின்று, “தம்பி, போட்டு வாறன். பின்னேரம் வந்திடுவன்” என்பார்.

பின்னேரமாகியும் அந்த வள்ளம் தெரியாவிட்டால், எனக்குத் தேத்தண்ணி இறங்குவதில்லை.