ஷார்ஜா ரேட்டு

பத்தாம் வகுப்பில் இரண்டு முறை கணக்கிடம் தோற்று மூன்றாம் முறை ஜெயித்தவன். ஏஜென்ட் ஏமாற்றியும் ஷார்ஜா போய்ச் சேர்ந்தவன். அங்கே டிரைவிங் லைசென்ஸ் கொடுக்கும் அதிகாரியின் முறைப்பையும் தாண்டிப் பாஸானவன். சொந்த ஊரான கெடாரில் தங்கள் தெருவிலேயே முதல் மெத்தை வீடு கட்டியவன். தம்பி சித்தார்த்தனின் பெருமையை இப்படி ஒன்றுவிடாமல் சொல்வாள் செண்பகம். ஒன்றை மட்டும் விட்டுவிடுவாள். அவன், எதற்கெடுத்தாலும் 'அங்கெல்லாம்...' என்று ஆரம்பிக்கும் இனத்தைச் சேர்ந்தவன்.

அந்த இனத்தை உங்களுக்குத் தெரியும். விக்கிரவாண்டி டோல்கேட்டில் டீ குடித்தாலும் கிளாஸுக்குள் திர்ஹாமைத் தேடும். அங்கே விலை கூடுதலா? அது தரம். குறைவா? அது நேர்மை. இங்கே கூடுதலா? கொள்ளை. இலவசமா? மருந்தில் தண்ணீர்தான்!

அன்று செண்பகத்தின் சினை ஆடு, குட்டி வெளியே வராமல் விடியலிலிருந்து முக்கிக்கொண்டிருந்தது. விழுப்புரத்திலிருந்து ஸ்கூட்டியில் வந்த கால்நடை மருத்துவர் இசைவாணி பார்த்துவிட்டுக் கையுறையைக் கழற்றினார்.

"குட்டி குறுக்க மாட்டிக்கினு இருக்குதுக்கா. ஆபரேஷன்தான். மூவாயிரம் ஆவும். சம்மதம்னு இதுல ஒரு கையெழுத்து போடுங்க."

ஆடு அக்காவுடையது, காசு தம்பியுடையது. ஆகவே பேனா, ஊருக்கு வந்திருந்த தம்பியிடம் போனது.

"மூவாயிரமா? ஷார்ஜாவுல ஆயிரத்து சொச்சத்துல முடிச்சி அனுப்புவான் மேடம். அதுவும் ஏசி ரூம்ல!"

"ஜல்தியா போடுடா. ஆடு கண்ண சொருவுது."

"இரு அக்கா, ஆதாரத்தோட பேசுவோம்."

ஷார்ஜாவிலேயே இருக்கும் கோட்டக்குப்பத்து நண்பன் சிக்கந்தர் பாட்சாவுக்கு போன் போட்டு, ஸ்பீக்கரையும் போட்டான்.

"மச்சான், அங்க மிருக ஆஸ்பத்திரில எவ்ளோ வாங்குனான்னு சொன்ன? மேடம் கேக்கட்டும்."

"அதுவா? அந்த ஆயிரத்து சொச்சம் எங்க மொதலாளி வீட்டுப் பூனைக்கு நகம் வெட்டுன கூலிடா! ஏன், உனக்கு வெட்டணுமா?"

செண்பகம் அதுவரை நாலு பேர் முன்னால் தம்பியை ஒரு சொல் சொன்னதில்லை.

"டேய், ஆடு ஷார்ஜாவுல இல்ல. என் மடியில கீது. போடுறியா, எழுந்து போறியா?"

போட்டான். தாயும் பிழைத்தது, குட்டியும் பிழைத்தது. குட்டியின் முதல் கத்தலை, அணைக்க மறந்த போனில் ஷார்ஜாவும் கேட்டது, இலவசமாக.

சிரிக்கிறீர்களா? போன வாரம் பல் டாக்டரின் பில்லைப் பார்த்ததும் "சிங்கப்பூர்லல்லாம்..." என்று ஆரம்பித்தது யார்? எந்த நாட்டையும் துணைக்கு அழைக்காமல் நீங்கள் முதன்முதலாகக் கையெழுத்துப் போட்டது என்றைக்கு? சித்தார்த்தனைக் கேட்டால் தேதியோடு சொல்வான். அக்கா மறக்க விடுவதில்லை. 2024 பிப்ரவரி 9.